இரண்டாம் டிகாஷன்: நிலத்தடியில் மாசு நகரும் கணக்கு



ஒரு குடும்பம் தன் பெற்றோர் நினைவாக ஒரு தொகையை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு முறை ஊரைக் கூட்டி ஒரு பொருளைப் பேச வைக்கிறது. முதல் கரையக் கூடாது, வட்டி மட்டுமே செலவாக வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. நம் காலடியில் இருக்கும் நீருக்கும் இதே விதிதான். மண்ணுக்கும் பாறைக்கும் இடையே தேங்கியிருப்பது முதல்; ஆண்டுதோறும் இறங்கும் மழை வட்டி. அந்த முதல் குறைந்துவருவதைப் பற்றிப் பத்திரிகைகளில் தினமும் படிக்கிறோம். அது கெட்டுப்போவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. குறைந்த முதலை இரண்டு நல்ல மழை மீட்டுக் கொடுத்துவிடும். கெட்ட முதலை மீட்க ஒரு தலைமுறை போதாது. நிலத்துக்குள் இறங்கிய ரசாயனம் எப்படி நகர்கிறது, எங்கே தங்குகிறது, எப்போது சிதைகிறது, இதையெல்லாம் முன்கூட்டிக் கணக்குப் போட முடியுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

காலடியில் என்ன இருக்கிறது

முப்பது ஆண்டுகளுக்கு முன் திருச்சியின் இந்தக் கே.கே. நகர்ப் பகுதியில் வீடு கட்டியபோது போர் போட்டோம். இரவு எட்டு மணிக்கு லாரி வந்து நின்றது. முதல் பத்து அடி செம்மண். அதற்குக் கீழே, கையில் எடுத்து நசுக்கினால் பொடியாகும் சிதைந்த பாறை, ஐம்பது அடி வரை. அதுவரை கேசிங் பைப் இறக்கினார்கள். பிறகு கெட்டிப் பாறை. கம்ப்ரசர் காற்று பாறைத் தூளை வெள்ளைப் புகையாக மேலே தள்ள, தெரு முழுக்க மாவு மில் போல ஆகிவிட்டது. நூற்றுப் பத்து அடியில் புகை சட்டென்று நின்று சேறாகத் தெறித்தது. வண்டிக்காரர் அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கேப் விழுந்துருச்சு சார், ஊத்து கெடச்சுருச்சு" என்றார். பாறையில் ஒரு வெடிப்பு; ஒரு விரல் அகலம்கூட இருக்காது. என் வீட்டுக்கு இத்தனை ஆண்டுகளாகத் தண்ணீர் தருவது அந்த வெடிப்புதான்.

இந்த ஊர் இரண்டு விதமான நிலத்தின் மேல் நிற்கிறது. வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம். அங்கே ஆற்று மணல். கம்பரசம்பேட்டையில் ஆற்றுப் படுகையிலேயே கிணறு இறக்கி மாநகருக்குத் தண்ணீர் எடுக்க முடிவது அந்த மணலால்தான். தெற்கே வந்துவிட்டால் கே.கே. நகர், செம்பட்டு, கே. சாத்தனூர் என எல்லாமே நைஸ், சார்னோகைட் வகைப் பழம்பாறையின் மேல் இருக்கின்றன. மணலில் நீர் எங்கும் பரவி நிற்கும். பாறையில் நீர் இரண்டு இடங்களில்தான் இருக்கும்: மேலே சிதைந்த பகுதியில், கீழே வெடிப்புகளில். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர் என்று நம் வீடுகளில் பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்று நல்ல தண்ணி, மற்றது உப்புத் தண்ணி. இந்தப் பிரிவினைக்குள்ளேயே இந்த நிலத்தின் பூகோளம் அடங்கியிருக்கிறது.

காபி ஃபில்டரும் டிஜோன் நகரமும்

நிலத்துக்குள் நீர் நகர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நாளைக் காலையில் உங்கள் வீட்டு காபி ஃபில்டரைப் பாருங்கள். மேல் அடுக்கில் பொடி, அதன் மேல் வெந்நீர், கீழ் அடுக்கில் சொட்டுச் சொட்டாக டிகாஷன். பொடி நைசாக இருந்தால் மெதுவாக இறங்கும். கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் சீக்கிரம் இறங்கும். பொடியைக் கூடுதலாகப் போட்டு அழுத்திவிட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெந்நீரை விளிம்பு வரை ஊற்றினால் வேகம் கூடும்.

பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் அமைப்பை உருவாக்கிய பொறியாளர் ஹென்றி டார்சி இதே சோதனையைத்தான் செய்தார். இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, மேலிருந்து நீரைச் செலுத்தி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்தார். 1856-ல் வெளியான அவருடைய நூலின் பின்னிணைப்பில் அந்த முடிவு இருக்கிறது. நீர் செல்லும் அளவு, இரு முனைகளின் நீர்மட்ட வேறுபாட்டுக்கு நேர் விகிதத்திலும், மணல் அடுக்கின் நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். அந்த மணலுக்கே உரிய எண் ஒன்று உண்டு. அதை ஊடுருவு திறன் என்கிறோம். உலகத்தில் இன்று நடக்கும் நிலத்தடி நீர்க் கணக்குகள் எல்லாம் இந்த ஒரு விதியின் மேல் எழுந்தவை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் பகுதியைப் போன்ற சிதைந்த பாறைக்கு ஊடுருவு திறன் நாளுக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் ஆயிரம் மீட்டருக்கு 5 மீட்டர் சரிகிறது என்போம். பாறையில் நீர் ஓட இடம் தரும் துளைகள் நூற்றுக்கு 5 பங்கு. ஊடுருவு திறனைச் சரிவால் பெருக்கி, துளைப் பங்கால் வகுத்தால் நாளுக்கு 10 சென்டிமீட்டர் வருகிறது. அரைச் சாண்! ஓர் ஆண்டுக்கு 36 மீட்டர். 500 மீட்டர் தொலைவில் இருக்கும் கிணற்றுக்கு அந்த நீர் போய்ச் சேர ஏறக்குறைய 14 ஆண்டு.

இந்த எண் என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கழிவை மண்ணில் விட்டவர் அந்த இடத்தை விற்றுவிட்டுப் போயிருப்பார். அனுமதி கொடுத்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார். அப்போது தொட்டிலில் கிடந்த குழந்தை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும். அந்தக் குழந்தையின் வீட்டுக் கிணற்றில்தான் நிறம் மாறும். செய்தவருக்கும் அனுபவிப்பவருக்கும் நடுவே இவ்வளவு காலம் இருப்பதால்தான் நிலத்தடி மாசுக்குக் கணிதம் தேவைப்படுகிறது. ஆற்றில் விட்ட கழிவை அன்றே கண்ணால் காணலாம். மண்ணில் விட்டதைக் கணக்கால் மட்டுமே காண முடியும்.

இதே கணக்கை இன்னும் பக்கத்தில் கொண்டுவருகிறேன். முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு மூலையில் செப்டிக் டேங்க், அடுத்த மூலையில் போர். நடுவே முப்பது அடி, அதாவது 9 மீட்டர். நாளுக்கு 10 சென்டிமீட்டர் என்றால் 90 நாள். இடையே ஒரு வெடிப்பு குறுக்கிட்டால் 90 நாள் என்பது சில நாட்களாகவே குறைந்துவிடும். வெடிப்பில் நீருக்கு இடம் குறைவு. அதனால் வேகம் அதிகம்.

ராஜகோபுரத்தில் நுழையும் நூறு பேர்

நீர் நகர்வது ஒரு கணக்கு. அதில் கரைந்த ரசாயனம் நகர்வது இன்னொரு கணக்கு. இரண்டும் ஒன்றல்ல என்பதை விளக்க ஸ்ரீரங்கத்துக்குப் போவோம்.

வைகுண்ட ஏகாதசிக்கு ராஜகோபுரத்தின் வழியாக ஒரே நேரத்தில் நூறு பேர் நுழைகிறார்கள் என்று வையுங்கள். கூட்டம் தள்ளும் திசையில் எல்லோரும் போகிறார்கள். ரசாயனம் நீரோடு போவது அப்படித்தான். இது முதல் வேலை. ஆனால் நூறு பேரும் ஒன்றாகப் போய்ச் சேர மாட்டார்கள். இளைஞர்கள் சந்துவழியாக முந்துவார்கள், முதியவர்கள் ஓரமாகப் பின்தங்குவார்கள். புறப்பட்டபோது ஒரு கொத்தாக இருந்தவர்கள் போகப் போக நீண்டும் அகன்றும் பரவிவிடுவார்கள். இது சிதறல், இரண்டாம் வேலை. சிலர் கடை கடையாக நின்று பாசிமணி பார்ப்பார்கள், பிறகு நடப்பார்கள், மறுபடி நிற்பார்கள். களிமண்ணிலும் இரும்புத் துகளிலும் ரசாயனம் ஒட்டுவதும் விடுவதும் இப்படித்தான். மூன்றாம் வேலை இது. இன்னும் சிலர் சித்திரை வீதியிலோ உத்திர வீதியிலோ உறவினர் வீட்டுக்குள் போனவர்கள் திரும்பவே மாட்டார்கள். வழியிலேயே எண்ணிக்கையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். இது சிதைவு, நான்காம் வேலை.

நிலத்தடி மாசின் கணித மாதிரி என்பது இந்த நான்கு வேலைகளையும் ஒரே சமன்பாட்டில் எழுதுவது. நிலத்தைச் சதுரங்கப் பலகை போலச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஆழத்திலும் அடுக்குகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் வீட்டு வரவு செலவுக் கணக்குப் போல ஒரு கணக்கு. வந்த நீர் எவ்வளவு, போன நீர் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு? வந்த உப்பு, போன உப்பு, ஒட்டிக்கொண்ட உப்பு? ஒரு கட்டத்தின் செலவு பக்கத்துக் கட்டத்தின் வரவு. ஆயிரக்கணக்கான கட்டங்களின் கணக்கைக் கணினி ஒரே நேரத்தில் தீர்க்கிறது. அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறை நீர் ஓட்டத்துக்காக 1984-ல் வெளியிட்ட மாட்ஃப்ளோ என்ற நிரலும், அதோடு சேர்ந்து மாசின் பயணத்தைக் கணக்கிட 1990-ல் வந்த எம்டி3டி என்ற நிரலும் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. நம் ஊர்க் கல்லூரி மாணவர்களும் இவற்றில் பழகலாம்.

முன்பு போட்ட கணக்கில் மூன்றாம் வேலையைச் சேர்த்துப் பாருங்கள். மண்ணில் ஒட்டி ஒட்டிப் போவதால் ஒரு ரசாயனம் நீரைவிட மூன்று மடங்கு மெதுவாக நகர்ந்தால், 14 ஆண்டு 41 ஆண்டாகிவிடும். நான்காம் வேலையையும் சேருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகச் சிதையும் பொருளானால், ஒட்டாமல் வந்தாலும் அந்த 14 ஆண்டுப் பயணத்தின் முடிவில் 128-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். சிதையவே சிதையாத பொருளானால்? சாதாரண உப்பு அப்படிப்பட்டது. சிதறலும் மழையும் அதை நீர்க்கச் செய்யலாம். சிதைக்க எதனாலும் முடியாது. போன உப்பு முழுவதும் எங்கோ ஓரிடத்தில் இருந்தே தீரும்.

பாலாறு காட்டிய எண்

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டில் உண்மையான நிலத்தில் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலம் கெடக் காரணமான தொழில் நமக்கும் அந்நியமானதல்ல. திருச்சியும் திண்டுக்கல்லும் தோல் பதனிடுதலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட இந்த வட்டாரத் தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் கடல் கடந்து போனது. விமான நிலையத்தை ஒட்டிய செம்பட்டில் இந்தத் தொழில் இன்றும் உண்டு; அங்கே பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. அழுகாமல் இருக்க உப்புத் தடவித்தான் பச்சைத் தோல் ஆலைக்கு வருகிறது. அதை ஊறவைத்து அலசும்போது அந்த உப்பில் பெரும்பகுதி நீரில் இறங்குகிறது. குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியபோது உப்போடு குரோமியமும் சேர்ந்துகொண்டது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. நான்கில் மூன்று கிணறு.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனால் நீதிமன்றம் கேட்டிராத ஒரு கேள்வி மிச்சமிருந்தது: நாளைக்கே கழிவைக் குறைத்துவிட்டால் கிணறு எப்போது தேறும்? ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானி எம். தங்கராஜன், வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் நிற்கும் மேல் பாலாற்றுப் படுகைக்கு ஒரு கணித மாதிரியை உருவாக்கி, அதன் முடிவை 1999-ல் வெளியிட்டார். மண்ணில் இறங்கும் கழிவைப் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டுக்குப் பிறகும் நிலத்தடி நீரின் உப்பு இப்போதிருப்பதில் பாதிக்குக் கீழே இறங்காது என்றது அந்த மாதிரி.

ஏன் இறங்காது? காபி ஃபில்டருக்கே திரும்பி வாருங்கள். முதல் டிகாஷன் இறங்கியதும் அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றுகிறோம். நாம் ஊற்றுவது சுத்தமான தண்ணீர். கீழே வருவது? இரண்டாம் டிகாஷன். நிறம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மூன்றாவது முறை ஊற்றினாலும் பழுப்பு நிறம் போகாது. பொடியின் உள்ளே போய் உட்கார்ந்ததெல்லாம் மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். களிமண்ணின் நுண்துளைகளுக்குள் நாற்பது ஆண்டு ஊறிய உப்பும் அதைப் போலத்தான். போதாக்குறைக்கு, அந்த உப்பு நீரையே இறைத்து வயலுக்குப் பாய்ச்சுகிறோம். நீர் ஆவியாகிறது, உப்பு தங்கி அடுத்த மழையில் மறுபடி கீழே இறங்குகிறது. ஆற்றில் நீர் ஓடினால் கொஞ்சம் அலசிவிடும். பாலாற்றில் பெரும்பாலான நாட்களில் அந்த ஓட்டமும் இல்லை.

2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே 28 ஆண்டுகள். தங்கராஜனின் மாதிரி சொன்ன 20 ஆண்டு அதற்குள் கடந்து போய்விட்டது.

ராணிப்பேட்டையின் மஞ்சள்

உப்பு நகர்வதைப் பார்த்தோம். உருமாறும் பொருளுக்கு ராணிப்பேட்டை சான்று. அங்கே குரோமிய உப்புகளைத் தயாரித்துவந்த ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போனது, கழிவு போகவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு ஆலை வளாகத்திலேயே குவிந்து கிடந்தது. மழைக்குப் பின் அந்தப் பக்கம் தேங்கும் நீர் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் நிறம் தருவது ஆறிணைதிறன் குரோமியம்.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள். தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் மண்ணில் எளிதில் படிந்துவிடும், தூரம் போகாது. ஆறிணைதிறன் குரோமியம் நீரில் நன்றாகக் கரையும், நீரோடு ஓடும், உடம்புக்கு நஞ்சு. மண்ணில் கரிமப் பொருளும் ஃபெரஸ் இரும்பும் இருந்தால், அவை நச்சு முகத்தை அடங்கிய முகமாக மாற்றிவிடும். மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அடங்கியது மறுபடி நச்சு முகமாகும். அதனால் குரோமியத்துக்கு மாதிரி கட்டுகிறவர் நீரின் வேகத்தோடு மண்ணின் வேதியியலையும் ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டியிருக்கிறது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் 50 மில்லிகிராம். ஒரு சிட்டிகைக்கும் குறைவு.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூரிலும் இதே ஆறிணைதிறன் குரோமியம்தான். எரிவாயுக் குழாய் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தில் துருப் பிடிக்காமல் இருக்க 1952 முதல் அதைச் சேர்த்து, கழிவு நீரை அடித்தளம் பூசாத குட்டைகளில் விட்டார்கள். 1996-ல் 33 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீட்டில் அந்த வழக்கு முடிந்தது. வேலூர் தீர்ப்பு வந்த அதே ஆண்டு. இழப்பீட்டுத் தொகை அந்த ஆண்டில் முடிவானது. நிலத்தடியில் இருக்கும் குரோமியத்தை அகற்றும் வேலை அதன் பிறகும் நீண்டுகொண்டே போகிறது.

மண்ணுக்குள் இருக்கும் உதவி

கேட்டவரை எல்லாம் இருட்டாகத் தோன்றலாம். நிலம் தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் இடமும் உண்டு. அதையும் சொல்வதுதான் நேர்மை.

1979 ஆகஸ்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்துச் சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் மண்ணில் கொட்டியது. அள்ள முடிந்ததை அள்ளிய பிறகும் கணிசமான பகுதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. 1983 முதல் அந்த இடத்தையே ஓர் ஆய்வுக்கூடமாக்கி அளந்துவருகிறார்கள். எண்ணெயிலிருந்து கரைந்த பென்சீன் போன்றவை நிலத்தடி நீரின் வேகத்தில் பரவவில்லை என்று தெரிந்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் அவற்றைத் தின்றுகொண்டிருந்தன. முதலில் ஆக்சிஜனைக் கொண்டு, அது தீர்ந்த பின் மண்ணில் இருக்கும் இரும்பைக் கொண்டு. கணித மாதிரியில் சிதைவு என்று நாம் எழுதும் ஓர் எண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்களின் உழைப்பு இருக்கிறது.

ஆனால் அவற்றுக்குக் காலமும் இடமும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் மின் நிலையப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி. அந்தக் கல்லை நீர் கரைத்துக் கரைத்துக் குகைபோல வழி செய்து வைத்திருக்கிறது. அந்த வழியில் மாசு ஓடும்போது நுண்ணுயிரிக்கு வேலை செய்யவே நேரம் கிடைப்பதில்லை. நம் பாறை வெடிப்புகளிலும் இதே ஆபத்து உண்டு.

செப்டிக் டேங்கிலிருந்து இறங்கும் நைட்ரேட்டுக்கும் இதே விதி. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் அதை நைட்ரஜன் வாயுவாக்கி விடுவித்துவிடும். வேகமாகக் கிணற்றுக்குப் போய்விட்டால் அந்த உதவி கிட்டாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அதைக் கொதிக்க வைத்தால் போகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போகாது, நீர் ஆவியாவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

மாதிரியை எவ்வளவு நம்பலாம்

மாணவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். கணினித் திரையில் சிவப்பும் மஞ்சளுமாக அழகான படம் வந்துவிட்டால் அது உண்மை என்று தோன்றிவிடும். கோனிகோவ், பிரெடெஹோஃப்ட் என்ற இரண்டு நிலத்தடி நீர் அறிஞர்கள் 1992-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிலத்தடி நீர் மாதிரி எதையும் உண்மையென்று நிரூபிக்க முடியாது, தவறென்று கண்டுபிடிக்க மட்டுமே முடியும் என்று அதில் வாதிட்டார்கள். மாதிரிகளை உருவாக்குவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்கள் அவர்கள். ஆகவே அந்த எச்சரிக்கைக்கு எடை அதிகம்.

மாதிரி பொய்ப்பதற்குப் பெரும்பாலும் கணிதம் காரணமல்ல. அளவு இல்லாததுதான் காரணம். நூறு கட்டத்துக்கு ஒரு கிணற்றின் அளவுதான் கையில் இருந்தால், மற்ற தொண்ணூற்றொன்பதையும் ஊகிக்கத்தான் வேண்டும். மணல் நிலத்தில் ஊகம் ஓரளவு பலிக்கும். பாறையில் என் வீட்டு வெடிப்பு பக்கத்து வீட்டில் இருக்காது. எதிர்த்த வீட்டில் புது போர் போட்டு நாளெல்லாம் மோட்டார் ஓடினால், அங்கே நீர்மட்டம் கிண்ணம்போலக் குழிந்து, சுற்றியுள்ள நீர் அந்தப் பக்கம் திரும்பிவிடும். நேற்றுவரை கிழக்கே போன மாசு இன்று மேற்கே போகும். மோட்டார் எப்போது, எவ்வளவு நேரம் ஓடியது என்று யாரும் எழுதி வைக்காவிட்டால் எந்தக் கணினியாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலத் துறைகளும் கண்காணிப்புக் கிணறுகளை அளந்துதான் வருகின்றன. மாவட்டத்துக்கு அது போதலாம். ஒரு தெருவுக்குப் போதாது. ஆகையால் நிலத்தடி மாசைப் பற்றி என் வாழ்நாள் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். நம்மிடம் சமன்பாட்டுக்குப் பஞ்சம் இல்லை, கணினிக்குப் பஞ்சம் இல்லை. எழுதி வைத்த அளவுக்குத்தான் பஞ்சம்.

நம் தெருவில் செய்யக்கூடியவை

உங்களிடம் நான் கேட்பது மூன்று.

முதலாவது, பாழ் கிணறுகளும் கைவிட்ட போர்களும். குப்பை கொட்டி மூடிய கிணறு நூறு அடி ஆழத்துக்கு மாசைக் கொண்டு இறக்கும் நேர்வழி. மண்ணும் நுண்ணுயிரிகளும் செய்ய வேண்டிய வேலைக்கு அது இடமே தருவதில்லை. மூடாத ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்து இறந்த கொடுமையை இந்த மாவட்டம் மறக்கவும் முடியாது. அவற்றைச் சுத்தமான மண்ணும் சிமென்டும் கொண்டு முறையாக மூடுங்கள்.

இரண்டாவது, மழைநீர். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அமைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்று உடைந்து கிடக்கின்றன. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,200 சதுர அடி மாடி ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 89,000 லிட்டர் விழுகிறது. இரண்டாம் டிகாஷன் மூன்றாம் டிகாஷனாவதும் நான்காவதாவதும் இந்த நீரால்தான். மாடி நீரைக் கீழே விடுங்கள். ஆனால் கார் கழுவிய நீரும் வாஷிங் மெஷின் நீரும் அந்தக் குழிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இதுதான் நான் கேட்க வந்தது: ஒரு நோட்டு. தெருவுக்கு ஒரு கிணற்றையோ போரையோ தேர்ந்தெடுங்கள். மழை முடிந்த ஜனவரியில் ஒரு முறை, கோடை உச்சமான மே மாதத்தில் ஒரு முறை, ஆண்டுக்கு இரண்டே நாள். நீர்மட்டம் எத்தனை அடியில் என்று டேப்பில் அளந்து எழுதுங்கள். நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும், பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த எண்ணையும் எழுதுங்கள். குடிநீரில் அந்த எண் 500 வரை இருக்கலாம் என்பதும், வேறு வழியில்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயம். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பாட்டில் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து நைட்ரேட்டைச் சோதித்து, வந்த முடிவையும் அதே நோட்டில் ஒட்டுங்கள். தேதியும் அளந்தவர் பெயரும் இருக்கட்டும். பள்ளி மாணவர்கள் செய்யக்கூடிய வேலைதான் இது. கல்லூரி ஆசிரியர்கள் வந்து அந்த எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

பத்து ஆண்டு எழுதிய இருபது வரிகள் ஒரு தெருவுக்கு இருந்தால், அந்தத் தெருவுக்கு மாதிரி கட்ட முடியும். பக்கத்து மனையில் ஏதோ ஒரு தொழிலுக்கு அனுமதி கேட்டால், அதன் கழிவு எத்தனை ஆண்டில் உங்கள் கிணற்றைத் தொடும் என்று கேள்வி கேட்கவும் முடியும். எண் இல்லாதவரின் புகாரை யாரும் செவிமடுப்பதில்லை. திண்டுக்கல் பக்கத்து 467 கிணறுகளை யாரோ சிலர் வெயிலில் நடந்து எண்ணியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கைதான் நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பில் போய் உட்கார்ந்தது.

அறக்கட்டளைக்கு முதல் எழுதி வைத்தவர்கள் தங்கள் காலத்துக்குப் பின்னும் அது தொடர வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நீங்களும் அப்படி ஒன்றை எழுதி வைக்கலாம். வரும் ஜனவரியில் தொடங்குங்கள்.